கோட்டைக்கரையில் நான் போட்ட தப்புக் கோடு

நீலகிரி மாவட்டத்தில் முப்பத்திரண்டு வருஷம் சர்வேயராக இருந்துவிட்டுப் போன வருஷம் ஓய்வு பெற்றேன். பிரிவு உபசாரத்தன்று ஆபீசுக்குப் புதிதாக வந்திருந்த ட்ரோனைப் பறக்கவிட்டுக் காட்டினார்கள். நாங்கள் அட்டைக்கடி பட்டு நான்கு நாள் அளக்கும் ஒரு சரிவை அது டீ ஆறுவதற்குள் படம் பிடித்துவிட்டு இறங்கியது. எனக்கு வருத்தமெல்லாம் இல்லை, கை தட்டினேன். என் முழங்கால் இரண்டும் சேர்ந்தே தட்டியிருக்கும்.

"வசந்தாக்கா, சங்கிலி புடிச்சு அளந்ததைப் பத்தி நம்ம சங்க மலருக்கு எழுதிக் குடுங்க" என்று ஆபீஸ் பிள்ளைகள் கேட்டார்கள். எழுதுவதென்றால் நான் சரியாக அளந்த நிலங்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அவை எல்லாம் ஒன்று போலத்தான். தப்பாக அளந்த ஓர் இடம் இருக்கிறது, அதைத்தான் எழுதப்போகிறேன்.

குன்னூர் மார்க்கெட்டில் என் அப்பாவுக்குக் காய்கறிக் கடை. சமவெளியிலிருந்து பிழைக்க வந்த குடும்பம். பரீட்சை எழுதினேன், பயிற்சி கொடுத்தார்கள், மலைக்கே அனுப்பினார்கள். பயிற்சியில் கற்றது எல்லாம் சமதரையில். சங்கிலி நேராகக் கிடக்கும், கொடிக்கம்பு நட்டால் நிற்கும். இங்கே வந்த முதல் நாள் சங்கிலியின் ஒரு முனை என் கையிலும் மறுமுனை தேயிலைச் செடிக்குள் எங்கேயோ ஒரு பள்ளத்திலும் இருந்தது. சங்கிலி ஆளான பெள்ளி அண்ணன் அந்தப் பள்ளத்திலிருந்து அளவை உரக்கச் சொன்னார். எனக்குச் சிரிப்புதான் வந்தது.

பெள்ளி அண்ணன் படுகர். எதற்கும் அலட்டிக்கொள்ள மாட்டார். ஒருமுறை மசினகுடிப் பக்கம் அளந்துகொண்டிருந்தபோது எங்கள் கோட்டின் மேலேயே ஒற்றை யானை வந்து நின்றுவிட்டது. நான் ஜீப்புக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன். அவர் சங்கிலியைச் சத்தமில்லாமல் மடித்துக்கொண்டே, "அவருக்குப் பட்டா பழசும்மா. நாம மத்தியானமா வரலாம்" என்றார். மத்தியானமாகப் போனோம், கோடு காலியாக இருந்தது.

எங்களுக்கு மேலே தலைமை சர்வேயர் பொன்னுசாமி ஐயா. ஒல்லியான மனிதர். குரங்குக் குல்லாவும் கான்வாஸ் ஷூவும் போட்டிருப்பார். யாரையும் 'ங்க' போடாமல் பேசியதை நான் கேட்டதில்லை. குறுக்கே வந்த ஆட்டைக்கூட "கொஞ்சம் தள்ளிக்கோங்க" என்பார். ஆனால் வேலையில் இம்மியும் விட்டுக்கொடுக்க மாட்டார். சங்கிலி ஆள் அளவைச் சொன்னால் எழுதுகிறவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சங்கிலி ஆள் ஆமாம் என்ற பிறகுதான் புத்தகத்தில் பென்சில் படலாம். ரப்பர் வைத்துக்கொள்ளவே கூடாது. தப்பாக எழுதிவிட்டால் ஒரே ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு மேலே சரியானதை எழுத வேண்டும். அடித்த எண் படிக்கிற மாதிரி இருக்க வேண்டும். "தப்பு தெரியணுங்க. தப்பே தெரியாத புத்தகத்தை நான் நம்ப மாட்டேனுங்க" என்பார்.

இன்னொன்று, எந்த இடத்துக்குப் போனாலும் முதல் தடவை கருவி எதுவும் இல்லாமல் கையை வீசிக்கொண்டு சும்மா ஒரு சுற்று நடக்கச் சொல்வார். வேலைக்குச் சேர்ந்து பத்து வருஷம் ஆனபிறகு நான் அந்தச் சுற்றை விட்டுவிட்டேன். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

அப்படியிருந்த சமயத்தில்தான் கோட்டைக்கரை வந்தது.

கோத்தகிரிக்குக் கீழே ஒரு எஸ்டேட். அங்கே மலை ஒரு விரலை நீட்டின மாதிரி கிழக்கே ஓடி, மூன்று பக்கமும் செங்குத்தாக விழுகிறது. அந்த விரலின் மேல்தட்டு நாலைந்து ஏக்கர் சமமான இடம். எஸ்டேட்காரர்கள் அதைத் திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருந்த கார்த்திகேயன் என்பவருக்கு விற்றுவிட்டார்கள். அவர் அங்கே தங்கும் விடுதி கட்ட நினைத்தார். இடத்தை அளந்து தனியாகப் பிரித்துக் கொடுக்கச் சொல்லி மனு வந்தது. பத்திரத்தில் மூன்று பக்கத்துக்கும் பாறை விளிம்பு எல்லை. மலையோடு சேர்கிற மேற்குப் பக்கத்துக்கு மட்டும் 'மண் கரை' என்று இரண்டே வார்த்தை.

விரல் மலையோடு சேரும் அந்த இடத்தில் குறுக்கே ஒரு பெரிய பள்ளம் ஓடும். பள்ளத்துக்குள் ஒரு ஊற்று உண்டு. அதற்குத் தகரக் குழாய் வைத்து, அதில் விழும் தண்ணீரைத்தான் மேலே லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், இருந்த இருபத்து நான்கு குடும்பங்கள் குடித்தன. எல்லாம் இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்து குடியேறியவர்கள். குழாயை அவர்கள் 'பீலி' என்றுதான் சொல்வார்கள். பக்கத்தில் ஒரு தட்டையான கல் தரையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும், அதில் துணி துவைப்பார்கள்.

பள்ளத்தின் மேற்கு உதட்டில் இடுப்பளவு உயரத்தில் ஒரு மண் வரப்பு. அதன் மேல்தான் ஒற்றையடிப் பாதை. எனக்கு அது 'மண் கரை'யாகத் தெரிந்தது. பழைய புலப்படத்தில் அந்தப் பக்கம் ஒரு சர்வே கல் காட்டியிருந்தது. தேடினேன், கிடைக்கவில்லை. 'கல் காணவில்லை' என்று எழுதிவிட்டு, கண்ணுக்குத் தெரிந்த வரப்பின் மேலேயே எல்லைக் கோட்டை இழுத்தேன். பள்ளமும் ஊற்றும் கார்த்திகேயன் பக்கம் போய்விட்டன.

குடத்தோடு நின்ற பாக்கியம் என்ற அம்மாள் கேட்டார். "பீலி எந்தப் பக்கம் வருது அம்மா?"

"வரப்புக்கு அந்தப் பக்கம் எல்லாம் அவங்களுது."

அவர் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறிப் போனார். சண்டை போட்டிருந்தால்கூட நான் நின்று பேசியிருப்பேன்.

மூன்று வாரம் கழித்து வேறு வேலையாகக் காலை ஏழு மணி பஸ்ஸில் எதிர் மலையில் போய்க்கொண்டிருந்தேன். பனி விலகிச் சாய்வாக வெயில் விழுந்த நேரம். ஜன்னல் வழியாக அந்த விரலைப் பார்த்தேன், அப்படியே எழுந்து நின்றுவிட்டேன்.

நான் வெறும் மேடு என்று நினைத்திருந்த இடம், பள்ளத்துக்குக் கிழக்கே தேயிலை மூடிக் கிடந்த இடம், மேடே இல்லை. பிறை நிலா மாதிரி வளைந்த ஒரு மாபெரும் மண் சுவர். தேயிலை வரிசைகள் அதன் மேல் ஏறி மறுபுறம் இறங்கின. அதன் நிழல் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பள்ளத்துக்குள் கறுப்பாக விழுந்திருந்தது. ஒரே ஒரு இடத்தில் சுவர் விட்டுப்போய் வாசல் மாதிரி இடைவெளி. எஸ்டேட்காரர்கள் கொழுந்து நிறுக்கும் கொட்டகையைச் சரியாக அந்த வாசலில் கட்டியிருந்தார்கள். மலைப்பக்கமிருந்து யாரும் உள்ளே வந்துவிடாதபடி, விரலின் அடியில் குறுக்கே பள்ளம் வெட்டி, வெட்டின மண்ணை உள்பக்கம் கொட்டி உயர்த்தியிருக்கிறார்கள். எந்தத் தலைவன், எந்தக் காலம் என்று யாருக்கும் தெரியாது. ஊர் மட்டும் கோட்டைக்கரை என்ற பெயரை விடாமல் வைத்திருந்தது. அந்தப் பெயரை என் கையாலேயே அளவைப் புத்தகத்தில் பத்துத் தடவை எழுதியிருந்தேன்!

சொன்னால் நம்ப மாட்டீர்கள், முதலில் வந்தது பயம் இல்லை, சந்தோஷம். பக்கத்து சீட்டுக்காரரிடம் "அங்க பாருங்க, கோட்டை!" என்று சொன்னேன். அவர் பார்த்துவிட்டு "டீத்தூள் தோட்டமுங்க அது" என்றார். அடுத்த வளைவில்தான் என் வரைபடம் நினைவுக்கு வந்தது. சின்ன வரப்பைக் கரை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். கார்த்திகேயன் மேட்டை இடித்துப் பள்ளத்தில் தள்ளி இடத்தைச் சமன் செய்யப் போவதாக அளந்த அன்றே சொல்லியிருந்தார். கோட்டையும் போகும், ஊற்றும் மூடிப்போகும்.

போன வேலையை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினேன். பொன்னுசாமி ஐயா மேஜையில் இருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில், "தப்பு என்னுதுங்க ஐயா. கல்லைச் சரியாத் தேடல. ஒரு சுத்து நடந்திருந்தாவே தெரிஞ்சிருக்கும்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வாசல் எந்தப் பக்கம் இருக்குதுங்க?"

"வடக்கு ஓரமா."

"பார்த்தே ஆகணுங்களே" என்றார். திட்டுவார் என்று நின்ற எனக்கு, அவர் குல்லாவை எடுத்ததுதான் பதில். போகுமுன் தாசில்தாருக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னார். முதல் வரைபடத்தில் பிழை இருக்கிறது, மறு அளவை முடியும்வரை வேலையை நிறுத்தி வைக்க வேண்டும், பிழை என்னுடையது என்று எழுதினேன். அவர் வாங்கிக் கீழே ஒரு வரி சேர்த்தார்: 'மேற்பார்வை என்னுடையது.'

அன்று பிற்பகல் நாங்கள் இருவரும் பெள்ளி அண்ணனும் கையை வீசிக்கொண்டு நடந்தோம். எஸ்டேட்டில் மழைநீருக்காக வெட்டின கால்வாய் ஒன்று மண் சுவரின் தென்கோடியை அறுத்துக்கொண்டு போனது. ஐயா அதற்குள் இறங்கிப் பக்கச் சுவரைக் கையால் தேய்த்தார்.

"நம்ம மலையில எங்க தோண்டினாலும் மேல கறுப்பு, கீழ செம்மண்ணுங்க. இங்க பாருங்க."

மேலே ஓர் ஆள் உயரத்துக்குச் செம்மண். அதற்குக் கீழே கரிக்கோடு மாதிரி ஒரு சாண் கறுப்பு மண். அதற்கும் கீழே மறுபடி செம்மண். அந்தக் கறுப்புக் கோடு என்றோ ஒருநாள் புல் முளைத்திருந்த தரை. அதன் மேல்தான் மண்ணை அள்ளிக் கொட்டியிருக்கிறார்கள். கை வைத்துப் பார்த்தேன், ஈரமாகக் குளிர்ந்தது. ஐயா குழந்தை மாதிரிச் சிரித்தார். "மனுசன் போட்டதுங்க. கூடை கூடையாச் சுமந்திருக்கானுங்க."

ஆனால் அது கோட்டை என்பதால் மட்டும் எல்லை மாறிவிடாது. பத்திரம் சொல்கிற மண் கரை இரண்டில் எது என்று காட்ட வேண்டும். பழைய புலப்படத்தில் காணாமல்போன அந்தக் கல்லுக்கு எதிரே, 'கிழக்கே கரையடி 42 லிங்க்' என்று இருந்தது. லிங்க் என்பது சங்கிலியின் ஒரு கண்ணி. கல் கிடைத்தால் போதும், வழக்கு முடிந்தது. கல்லுக்குக் கிழக்கே இருப்பதுதான் கரை.

தாசில்தார் கோட்டைக்கரையிலேயே விசாரணை வைத்தார். நாங்கள் போனபோது கார்த்திகேயன் ஏற்கெனவே வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, நல்ல ஷூ. மண் சுவரின் அடியில் ஒரு ஜேசிபி நின்றது. லயத்து ஜனம் முழுவதும் வரப்பின் மேல் வரிசையாக உட்கார்ந்திருந்தது.

"ஏனுங்க, ஒருக்கா அளந்து கையெழுத்துப் போட்டுக் குடுத்ததை மாத்துவீங்களா? நான் பிளான் எல்லாம் போட்டாச்சுங்க" என்றார் கார்த்திகேயன். கோபத்திலும் நியாயம் இருந்தது.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "முதல் படம் தப்புங்க. வரைஞ்சது நான்தான். இன்னைக்கு உங்க கண்ணு முன்னாடியே அளக்கறேன்" என்றேன்.

மற்ற இரண்டு கற்கள் அசையாமல் இருந்தன. ஒன்று பாறை விளிம்பில், மற்றது லயத்தின் மூலையில். இரண்டிலிருந்தும் காணாமல்போன கல்லுக்கு எவ்வளவு தூரம் என்று படத்தில் இருந்தது. இரண்டு நாடாவையும் அந்தந்த அளவுக்கு இழுத்து வளைத்துக்கொண்டே வந்தால், அவை சந்திக்கும் இடம்தான் கல்லின் இடம். ஒரு நாடா பெள்ளி அண்ணனிடம், மற்றது என்னிடம். நாங்கள் எண்ணைச் சொன்னோம், ஐயா திருப்பிச் சொல்லிவிட்டு எழுதினார். இழுத்துக்கொண்டே பள்ளத்துக்குள் இறங்கினோம். இரண்டு முனையும் சந்தித்த இடத்தில் பாக்கியம் அம்மாள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் தள்ளுங்கம்மா."

"இந்தா, இந்தச் சேலையை அலசிட்டு எந்திரிக்கிறேன்."

தாசில்தார் காத்திருந்தார். அரசாங்கமே ஒரு சேலைக்காகக் காத்திருந்ததை நான் அன்றுதான் பார்த்தேன். நாடாவின் முனைகள் அந்தத் துவைக்கிற கல்லின் தலையில் வந்து தொட்டன. வாளித் தண்ணீரை ஊற்றிச் சோப்பு நுரையைக் கழுவினோம். தேய்ந்து வழவழவென்று இருந்தது, குறி எதுவும் தெரியவில்லை. கார்த்திகேயன் "துவைக்கிற கல்லுங்க இது" என்றார்.

ஐயா குனிந்து பார்த்துவிட்டு, "அம்மா, துணிக்குப் போடற நீலம் இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

பாக்கியம் அம்மாள் பொட்டலத்தை நீட்டினார். ஐயா ஒரு சிட்டிகை நீலத்தைக் கல்லில் கொட்டி, உள்ளங்கையால் தேய்த்து, குல்லாவைக் கழற்றி மேலாகத் துடைத்தார். உளியால் வெட்டின பள்ளத்தில் மட்டும் நீலம் தங்கியது. மூன்று கோடு சேர்ந்த அம்புக்குறி, சர்வே கல்லின் அடையாளம். பளிச்சென்று நீல அம்பு!

"ஐயையோ, இத்தனை வருசமா கவர்மெண்டு தலையிலயா துவைச்சோம்!" என்று பாக்கியம் அம்மாள் கத்த, வரப்பு முழுவதும் சிரித்தது. தாசில்தாரும் சிரித்துவிட்டார்.

கல்லிலிருந்து கிழக்கே சங்கிலியை இழுத்தோம். நாற்பத்திரண்டாவது லிங்க் பெரிய மண் சுவரின் அடியில் போய் முட்டியது. இரண்டாம் தடவையும் இழுத்தோம். அதே நாற்பத்திரண்டு. பள்ளமும் ஊற்றும் புறம்போக்கு, யாருக்கும் விற்க முடியாதவை என்று தாசில்தார் அங்கேயே சொன்னார். பெண்கள் குலவையிட்டார்கள்.

ஆனால் மண் சுவர் கார்த்திகேயனுடையது. அவர் அதை இடித்து மறுபக்கம் தள்ளினால் அன்று தடுக்க யாரிடமும் காகிதம் இல்லை. அவர் அதை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்தார். பிறகு ஐயாவிடம், "நெஜமாலுமே கோட்டைங்களா இது? இந்த மேட்டை வெச்சு யாரைங்க தடுக்க முடியும்?" என்று கேட்டார்.

"நீங்களே புடிச்சுப் பாருங்களேன்" என்றார் ஐயா, மிகப் பணிவாக. "வரப்புல இருந்து ஓடி வாங்க. மேல ஏறிட்டீங்கன்னா கோட்டை உங்களுது."

கார்த்திகேயனுக்கு அப்போது நாற்பது வயதுக்குள் இருக்கும். அவர் செல்போனைத் தன் கார் டிரைவரிடம் கொடுத்துவிட்டு வரப்புக்குப் போனார். அதற்குள் பாக்கியம் அம்மாளும் ஏழெட்டுப் பெண்களும் கொழுந்துப் பாதை வழியாகச் சுற்றிப் போய் மண் சுவரின் உச்சியில் ஏறி நின்றுகொண்டார்கள். கவாத்து வெட்டிப் போட்டிருந்த தேயிலைக் குச்சிகளைக் கையில் அள்ளிக்கொண்டார்கள்.

அவர் ஓடி வந்தார். வரப்பைத் தாண்டிப் பள்ளத்தில் குதித்ததும் கணுக்கால்வரை சேறு. ஒரு ஷூ அங்கேயே நின்றுவிட்டது. இழுத்துக்கொண்டு வந்து சுவரில் கை வைத்தார். கீழிருந்து பார்த்தால்தான் அதன் உயரம் தெரியும், மூன்று ஆள் இருக்கும். நாலடி ஏறுவார், இரண்டடி சறுக்குவார். மேலிருந்து குச்சி மழை. "ஏறுங்க தொரை, ஏறுங்க!" என்று கூச்சல். பாதி ஏறினவர் ஒரு செடியைப் பிடிக்க, அது வேரோடு கையில் வர, வெள்ளைச் சட்டையோடு சறுக்கிக்கொண்டே வந்து பள்ளத்தில் உட்கார்ந்தார்.

அவர் முகத்துச் சேற்றை வழித்துவிட்டு மேலே பார்த்து, "சத்தியமா கோட்டைதானுங்க" என்றார். சொல்லிவிட்டு அவரே விழுந்து விழுந்து சிரித்தார். எழுந்து நிற்கப் பெள்ளி அண்ணன் கை கொடுக்க வேண்டியிருந்தது.

அவர் சுவரைத் தொடவில்லை. விடுதியைச் சின்னதாக்கி உள்ளே தள்ளிக் கட்டினார். எனக்கு விளக்கம் கேட்டு ஆபீசிலிருந்து ஒரு கடிதம் வந்தது. தப்பு செய்தேன் என்று ஒரே வரியில் பதில் எழுதினேன். எச்சரிக்கையோடு விட்டார்கள்.

ஒரு சிக்கல் மிஞ்சியது. சர்வே கல்லில் இனித் துவைக்கக் கூடாது என்று சொல்லவேண்டிய வேலை எனக்கு வந்தது. லயத்துப் பெண்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள். "தண்ணியக் குடுத்திட்டுக் கல்லப் புடுங்குறீங்களே, இது என்ன ஞாயம்?" என்றார் பாக்கியம் அம்மாள். இந்தப் பேச்சு கார்த்திகேயன் காதுக்குப் போயிருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னையும் ஐயாவையும் வரச் சொல்லியிருந்தார்கள். மேட்டை இடிக்க வந்த அதே ஜேசிபி, கட்டில் அகலத்தில் ஒரு கருங்கல் பலகையைத் தூக்கிக்கொண்டு கோட்டை வாசலில் கொட்டகையை ஒட்டி மெல்ல வந்தது. "இன்னும் கொஞ்சம் எடது! ஐயோ, பீலிய இடிச்சிராத!" என்று இருபது பெண்கள் ஒரே சமயத்தில் டிரைவருக்கு வழி சொன்னார்கள். பலகை ஊற்றுக்குப் பக்கத்தில் இறங்கிச் சேற்றில் அசையாமல் உட்கார்ந்தது. கூடவே நின்று கடப்பாரை போட்ட கார்த்திகேயனின் சட்டை அன்றைக்கும் சேறு.

பாக்கியம் அம்மாள் கையை நீட்டினார். "கழட்டுங்க தொரை. புதுக் கல்லுல மொதத் துவைப்பு ஒங்க சட்டைதான்."

அவர் கூச்சப்பட்டுக்கொண்டே கழற்றிக் கொடுத்தார். பாக்கியம் அம்மாள் சோப்புப் போட்டு, கும்மி, தூக்கி அடித்தார். கோட்டைச் சுவர் அந்தச் சத்தத்தைத் திருப்பித் திருப்பிச் சொன்னது. கார்த்திகேயன் கோத்தகிரிக் குளிரில் பனியனோடு நடுங்கியபடி ஒரு தம்ளர் டீயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். பிழிந்த சட்டை கைக்கு வந்ததும் அதைப் பிரித்து, தொழில்காரர் பார்க்கிற மாதிரி தோள், கை, ஓரம் என்று ஒவ்வொரு தையலாகப் பார்த்தார்.

"பொத்தான் மூணு போச்சுங்க. ஆனா தையல் நிக்குது" என்றார்.

"அதுக்கென்ன, இன்னொருக்கா குடுங்க" என்றார் பாக்கியம் அம்மாள்.